யாரைக் கேட்டு வர்ணம் அடித்தீர்கள்?

சுவரைப் பார்த்துக் கோபப்படுகிறவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கோபம் வந்திருக்கிறது. ஆகையால் என்னைப் பற்றி என்ன முடிவு செய்துகொள்வதானாலும் வாசகர்கள் தாராளமாகச் செய்துகொள்ளலாம். கட்டுரையைப் படித்து முடித்த பிறகு செய்துகொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சமீப காலத்தில் நான்கு புதுமனைப் புகுவிழாக்களுக்குப் போய் வந்தேன். நாலும் நாலு ஊர். ஒன்று சென்னையில் ஆறாவது மாடி. ஒன்று திருச்சியில் தனி வீடு. மற்ற இரண்டும் எங்கள் பக்கத்து ஊர்கள். வீட்டுக்காரர்களில் ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் ஜவுளிக் கடைக்காரர், ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் நாலு வீட்டுச் சுவரும் ஒரே நிறம். பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்கிற ஒரு நிறம். ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டுச் சுவரைக் காட்டி, "சேஜ் கிரீன் சார்! ரொம்ப அமைதியா இருக்கில்ல?" என்று கேட்டார். நானும் நாலு தடவையும் "ரொம்ப அமைதி" என்று சொன்னேன். விருந்துச் சாப்பாட்டுக்கு முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

சாப்பாடு ஜீரணமாகிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

சேஜ் என்பது மத்தியதரைக் கடல் ஓரத்தில் விளைகிற ஒரு மூலிகை. அங்கேயுள்ளவர்கள் அதை இறைச்சியில் போட்டுச் சமைக்கிறார்கள். நம் ஊர்ச் சமவெளியில் அதைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? நாலு வீட்டுக்காரர்களில் ஒருவரும் கண்டதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாம் காணாத ஒரு செடியின் பெயரை நம்பி, லிட்டர் லிட்டராக வாங்கி, படுக்கையறை முதல் பூஜை அறை வரைக்கும் பூசியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நிறத்துக்கு நம்மிடம் பெயர் இல்லாமல் இல்லை. எருக்கிலையைப் பறித்துப் பாருங்கள். சாம்பல் பூசணிக்காயைத் தொட்டு, விரலில் ஒட்டும் மாவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். துளசிக்கு உறவான ஒரு செடிக்கு நம் முன்னோர்கள் திருநீற்றுப்பச்சை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் இலை என்ன நிறமோ, அந்தப் பெயருக்குள் சாம்பலும் பச்சையும் கைகோத்து நிற்கின்றன.

வீடு கட்டும்போது திருஷ்டிக்காக வாசலில் கட்டித் தொங்க விடுகிறோமே, அந்தப் பூசணிக்காயின் நிறம் அது. ஒரு காயை வெளியே தொங்கவிட்டால் போதாதென்று வீட்டுக்குள் எல்லாச் சுவரிலும் அதையே அப்பிக்கொண்டோம். இனி எந்தக் கண் நம்மை என்ன செய்யும்?

விளையாட்டு இருக்கட்டும். இந்த நிறம் எப்படி நாலு ஊரிலும் ஒரே சமயத்தில் முளைத்தது? பெயின்ட் கம்பெனிகள் ஆண்டுதோறும் "இந்த ஆண்டின் நிறம்" என்று ஒன்றை அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டுக்கு அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் பல, சொல்லிவைத்தாற்போல் சாம்பல் கலந்த பச்சையையே பொறுக்கின. பெஞ்சமின் மூர் கம்பெனி தன் நிறத்துக்கு "அக்டோபர் மிஸ்ட்" என்று பெயரிட்டது. அதாவது அக்டோபர் மாதத்து மூடுபனி. ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனி "எவர்கிரீன் ஃபாக்" என்றது, அதுவும் மூடுபனிதான். அவர்கள் ஊர் அக்டோபரில் மூடுபனி இருக்கலாம். மாயவரத்துக்காரனான எனக்கு அக்டோபர் என்றால் ஐப்பசி; ஐப்பசி என்றால் அடைமழை. அந்த மழையில் எங்கள் ஊர்ச் சுவர்களில் காசு பணம் இல்லாமல் தானாகவே ஒரு சாம்பல் பச்சை பூக்கும். அதற்குப் பாசி என்று பெயர். அதைத் தேய்த்துக் கழுவுவதற்கென்றே என் பாட்டி தேங்காய் நார் சேர்த்து வைத்திருப்பாள். பாட்டி தேய்த்துக் கழுவியதைப் பேரன் பணம் கொடுத்து வாங்கிப் பூசுகிறேன். இதற்குப் பெயர் நாகரிகம்.

"பேரன்" என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஆம், நான் பிறரை மட்டும் ஏசிக்கொண்டிருக்கவில்லை. ஐந்தாவது வீடு என்னுடையது.

2023ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் எங்கள் பழைய வீட்டுக்கு வர்ணம் அடித்தோம். ஓட்டு வீடு, நடுவில் முற்றம், சிவப்புச் சிமெண்டுத் தரை. வடக்குப் பக்கத்து அறை என் அம்மாவுடையது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. அது வரைக்கும் அந்த அறை வெள்ளைதான். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கரைத்து அடித்த பழைய வெள்ளை.

கடையில் விசிறி போல விரிகிற வர்ண அட்டையைக் கொடுத்தார்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில், ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த சதுரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்தேன். என் நாவலுக்கு ஒரு பாத்திரத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க நான் பதினைந்து நாள் யோசிப்பேன். அம்மாவின் அறைக்கு ஐந்து நிமிஷம்!

என் மனைவி, "அத்தையை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள்.

"அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவங்களுக்குப் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

பெயின்டர் என்னைவிட மூத்தவர். முப்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவர். "சின்ன டப்பா ஒண்ணு வாங்கி, நாலு சுவத்துலயும் முழத்துக்கு முழம் அடிச்சு, ஒரு நாள் விட்டுப் பார்ப்போம் சார். சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும். இது காயக் காய அழுத்தம் கொடுக்கும். அட்டையை நம்பாதீங்க" என்றார். நான் அட்டையை நம்பினேன். அட்டை ஆங்கிலத்தில் இருந்தது; அவர் தமிழில் சொன்னார். வேறு காரணம் எனக்கு இப்போது தோன்றவில்லை.

அது மட்டுமல்ல. சுவர், கதவு, நிலை, ஜன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடிப்பது இப்போதைய பாணி என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியே அடிக்கச் சொன்னேன். பெயின்டர் ஒன்றும் சொல்லாமல் அடித்தார்.

வேலை முடிந்தது. அறை உண்மையிலேயே அழகாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சேஜ் கிரீன் அம்மா" என்றேன். அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள். அந்த "தான்" என் காதில் விழவில்லை. எழுத்தாளன் என்று பெயர். "தான்" என்ற இடைச்சொல் எங்கே விழுகிறது என்பதைக் கவனித்துப் பிழைக்கிறவன்.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் காலை நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சாரல் பாயின் ஓரத்தை நனைத்திருந்தது. புழுக்கத்துக்காக வந்து படுத்திருப்பாள் என்று நினைத்தேன். மழை நாளில் என்ன புழுக்கம் என்று நினைக்கவில்லை. என் மகள்தான் மறுநாள் சொன்னாள்: "அப்பாயி பத்து நாளா அங்கதான்பா படுக்குறாங்க. உள்ள படுத்தா தாத்தா இருந்த ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

என் தகப்பனார் 2016ஆம் வருஷம் காலமானார். கடைசிப் பத்தொன்பது நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பத்தொன்பது நாளும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சுவரை. இடுப்பளவு உயரத்துக்குச் சாம்பல் பச்சை எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவர். நானும் அந்த அறைக்குப் போனேன், வந்தேன், மருந்து வாங்கினேன், பணம் கட்டினேன். சுவரைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது.

நிற்க. இனி எதிர்க்கட்சியாரின் வாதங்களுக்கு வருகிறேன். அவர்கள் சாமான்யமானவர்கள் அல்ல. பெரிய பெரிய சாட்சிகளை வைத்திருக்கிறார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. கல்லூரி வாசலுக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தவன். ஆனாலும் இந்த வழக்குக்காக அங்கங்கே தேடிப் படித்தேன்.

முதல் சாட்சி, ஜெர்மன் மகாகவி கதே. 1810இல் அவர் நிறங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பச்சையில் கண்ணும் மனமும் இளைப்பாறுகின்றன, ஆகையால்தான் எப்போதும் புழங்குகிற அறைகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர் அபிப்பிராயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதே சொன்னது அவரவர் புழங்குகிற அறையைப் பற்றி. மகன் தேர்ந்தெடுத்துத் தாய் புழங்குகிற அறையைப் பற்றி அல்ல.

இரண்டாவது சாட்சி விஞ்ஞானம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக எளிதாக உணர்வது மஞ்சள் கலந்த பச்சையை; அலைநீளக் கணக்கில் ஏறக்குறைய 555 நானோமீட்டர். ஆகவே பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்கிறார்கள். சரி, இருட்டினால் என்ன ஆகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் அதைக் கவனித்துச் சொல்லிவிட்டார். பொழுது சாயச் சாயச் சிவப்பு நிறம்தான் முதலில் கறுத்துப் போகிறது; பச்சையும் நீலமும் வெளிறித் தனித்து நிற்கின்றன. எங்கள் வீட்டில் தரை சிவப்பு, சுவர் பச்சை. ஐப்பசி மாலையில், மழைக்கு மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில், தரை பள்ளம்போல் கறுத்துவிடும். நாலு சுவரும் வெளிறிப் போய்ச் சுற்றி நிற்கும். விஞ்ஞானம் பாதிச் சாட்சியோடு நின்றுவிட்டால் எல்லோருக்கும் வசதிதான். மீதிச் சாட்சியை என் அம்மா தாழ்வாரத்தில் படுத்துச் சொன்னாள்.

மூன்றாவது சாட்சி ஆஸ்பத்திரியே. "வைத்தியர்களே பச்சையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களே!" என்கிறார்கள். உண்மை. 1914இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஹாரி ஷெர்மன் என்ற ரண சிகிச்சை நிபுணர் தம் அறுவை அறைக்குப் பச்சை வர்ணம் அடிக்கச் செய்தார். வெள்ளைச் சுவரின் கூச்சம் தாங்காமல் அப்படிச் செய்தார். ரத்தத்தின் சிவப்பையே வெகு நேரம் உற்றுப் பார்த்த கண், வெள்ளையைப் பார்த்தால் அங்கே பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் தெரியும். சுவரே பச்சையானால் அந்தத் தொந்தரவு இல்லை. எவ்வளவு நியாயமான காரணம்! கத்தி பிடித்தவன் கண்ணுக்காகத் தேர்ந்தெடுத்த நிறம் அது. கட்டிலில் கிடப்பவனுடைய அமைதியை அவர் கணக்கில் வைக்கவில்லை; வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, அவன் மயக்கத்தில் இருந்தான். அந்த டாக்டரை நான் போற்றுகிறேன். ஏனென்றால் அந்த அறையில் யார் கண் வேலை செய்கிறது என்று அவர் முதலில் கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

சரி, என் அம்மாவின் கண் எப்படிப்பட்டது? வயதாக ஆகக் கண்ணின் ஆடி மஞ்சளித்துப் பழுப்பாகிறது. இருபது வயதுக் கண்ணின் உள்ளே சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் சேருகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே கண்ணில் புரை விழுந்து, 1923இல் சிகிச்சை செய்துகொண்ட பிறகு நிறங்கள் வேறாகத் தெரிகின்றனவே என்று திண்டாடியது பிரசித்தம். என் அம்மாவுக்கும் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. நான் கண்ட மெல்லிய பச்சையை அவள் காணவே இல்லை. அவள் கண்டது பழுப்பேறிய ஒரு மங்கல். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பித் தரும். நான் தேர்ந்தெடுத்த நிறம் பாதியைக்கூடத் தராது. அரைக் கண் பார்வைக்காரிக்கு அரை வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டேன். போதாக்குறைக்குக் கதவும் நிலையும் சுவரும் ஒரே நிறம். நிலைப்படி எங்கே என்று தெரியாமல் இரண்டு முறை கால் விரலை இடித்துக்கொண்டிருக்கிறாள்; ஒரு முறை நகம் பெயர்ந்துவிட்டது. "சமையல்கட்டுல இடிச்சுக்கிட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

பிறகு ஏன் சித்திரையில் அறை அழகாக இருந்தது என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். "வடக்கு அறையில் வெயிலே வராது" என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் எழுதுகின்றன. அவர்கள் ஊருக்கு அது சரி. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். எங்கள் மாயவரம் ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரைக்கும் நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறான். அந்த நாலு மாதமும் வடக்கு ஜன்னலுக்கு வெளிச்சத்தில் குறைவில்லை. பிறகு சூரியன் தெற்கே போய்விடுவான். அறை எட்டு மாதம் நிழலில் கிடக்கும். நான் வெளிச்சமான நாலு மாதத்தைப் பார்த்து வர்ணம் வாங்கினேன். அம்மா மீதி எட்டு மாதத்தையும் சேர்த்து வாழ வேண்டும். மாப்பிள்ளை பார்க்கப் போனவன் கல்யாணச் சாப்பாட்டின் ருசியை வைத்துச் சம்பந்தம் பேசி முடித்த கதைதான்.

"இதென்ன ஐயா, ஒரு வாளி பெயின்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1775இல் ஷீலே என்ற ரசாயன அறிஞர் செம்பையும் பாஷாணத்தையும் சேர்த்து ஓர் அழகான பச்சையை உண்டாக்கினார். ஐரோப்பா முழுவதும் அதன்மேல் மோகம் கொண்டது. சுவரில் ஒட்டும் காகிதம், துணி, காகிதப் பூ எல்லாவற்றிலும் அந்தப் பச்சை. காகிதத்தைச் செய்த தொழிலாளிக்கு உடம்பெல்லாம் புண். ஈரம் தாக்கிய அறைகளில் குடியிருந்தவர்களுக்கு நோய். மோகம் தணிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நிறம் அழகாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது, அதோடு வாழப் போகிறவர் யார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நம் கதை மட்டும் என்ன? வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசாங்கம் 2016இல்தான் விதி செய்தது. 2017 நவம்பரில்தான் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த கதவுகளும் ஜன்னல் கம்பிகளும் நம் பழைய வீடுகளில் எத்தனையோ. அவற்றை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கும்போது பறக்கிற தூளில் ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். தூளை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வர்ணத்தின் பெயரைப் பற்றி மூன்று மாதம் விவாதிக்கிற குடும்பத்தில் இதைப் பற்றி மூன்று நிமிஷம் பேசுகிறவர்கள் உண்டா? நான் பேசவில்லை.

இப்போது என் குற்றச்சாட்டின் மையத்துக்கு வருகிறேன்.

அம்மாவிடம் நான் "சேஜ் கிரீன்" என்று சொன்னேன். அவள் என்ன பதில் சொல்ல முடியும்? அந்தச் சொல் அவளுக்கு ஒரு பூட்டிய கதவு. "நல்லாத்தான் இருக்கு" என்பதைத் தவிர அவளுக்கு வழி ஏது? அதற்குப் பதிலாக, "அம்மா, உன் ரூமுக்கு எருக்கிலை நிறத்துல அடிக்கலாம்னு பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால்? வாயை மூடிக்கொண்டிருப்பாளா? "எருக்கிலையா! எருக்கு முளைச்ச வீடுன்னு கேள்விப்பட்டதில்லையா நீ? ஆள் இல்லாத வீட்டுலதாண்டா எருக்கு முளைக்கும்!" என்று சண்டைக்கு வந்திருப்பாள். பூசணிக்காய் நிறம் என்றால் ஒரு பேச்சு, திருநீற்றுப்பச்சை என்றால் ஒரு பேச்சு, "உங்கப்பா கிடந்த ஆஸ்பத்திரிச் சுவரு மாதிரியா?" என்று அப்போதே கேட்டிருப்பாள். வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டையில் அவள் ஜெயித்திருப்பாள்.

நான் தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கொடி பிடிக்கவில்லை. எத்தனையோ ஆங்கில வார்த்தைகளைச் சௌகரியத்துக்காக நானே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். பெயின்ட் என்றால் அம்மாவுக்குப் புரியும். ஆஸ்பத்திரி என்றால் நன்றாகவே புரியும். நான் கேட்பது வேறு. வீட்டில் இருப்பவர் மறுத்துப் பேச முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லி, அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மோசடி. இந்த மோசடியைச் சுவரில் மட்டுமா செய்கிறோம்? கல்யாணத்தில், சொத்துப் பத்திரத்தில், வைத்தியத்தில் எல்லாவற்றிலும் செய்கிறோம். பெரியவர்களுக்குப் புரியாத வார்த்தையில் முடிவு செய்துவிட்டு, "அம்மாகிட்டயும் சொல்லிட்டோம்" என்கிறோம். சொன்னோம், கேட்கவில்லை.

நம் மத்தியதர வர்க்கத்து வீடுகளில் வர்ணத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்? பணம் கட்டுகிறவர். யாருக்காக? வருகிற விருந்தாளிக்காக. விருந்தாளி வீட்டில் இருப்பது இரண்டு மணி நேரம். பணம் கட்டுகிறவர் விழித்திருக்கையில் இருப்பது காலையும் மாலையுமாக நாலைந்து மணி. சுவரோடு நாள் முழுவதும் குடித்தனம் செய்கிறவர்கள் வயதானவர்களும், வீட்டிலேயே வேலை செய்கிற பெண்களும், நோயாளிகளும். ஆட்சி மாறும்போதெல்லாம் ஓட்டு கேட்டு வருகிறவர்கள்கூட அவர்களிடம் கும்பிட்டு நிற்கிறார்கள். வர்ண அட்டை மட்டும் அவர்கள் கைக்குப் போவதே இல்லை.

ஆகவே வீட்டுக்கு வர்ணம் அடிக்கப் போகிறவர்களுக்கு, அடி பட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள். அட்டையை நம்பாதீர்கள், பெயின்டரை நம்புங்கள். சின்ன டப்பா வாங்கி, முழத்துக்கு முழம் இரண்டு பூச்சுப் பூசுங்கள். அதைக் காலையில் பாருங்கள், உச்சியில் பாருங்கள், விளக்கு வைத்த பிறகு பாருங்கள். கடைகளில் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் பச்சை சில்லிட்டுப் போகும். மஞ்சள் விளக்கில் வேறு முகம் காட்டும். தரையோடு சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதைச் செவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1839இலேயே புத்தகம் போட்டு விளக்கிவிட்டார். சிவப்புத் தரைக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். கதவு நிலை சுவரிலிருந்து தனித்துத் தெரியட்டும். எல்லாம் பார்த்த பிறகு, அந்த அறையில் அதிக நேரம் இருக்கப் போகிறவரைக் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த வார்த்தையில் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றால் அந்த வாளியைத் திறக்காதீர்கள்.

தை பிறந்ததும் அம்மாவின் அறைக்கு மறுபடி வர்ணம் அடித்தோம். அதே பெயின்டர்தான் வந்தார். என்ன நிறம் வேண்டும் என்று அம்மாவை அவரே கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கைப்பிடி உடைத்த பாசிப்பருப்பு எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் போட்டாள். "இதுல பால் ஊத்தின மாதிரி" என்றாள். "கதவுக்குப் பழைய காவி." அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் அந்த இரண்டு பேரும் இத்தனை சுலபமாகப் பேசிக்கொண்டது ஆச்சரியமாக இருந்தது. பிறகு கண் புரைக்குச் சிகிச்சை செய்த அன்று, கட்டவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தச் சுவரைப் பார்த்தவள், "பருப்பு இவ்வளவு வெளுப்பாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். ஆனால் அறையை விட்டு அவள் வெளியே படுக்கவில்லை.

மீந்துபோன சாம்பல் பச்சை அரை வாளி இருந்தது. திருப்பிக் கொடுத்தால் கடையில் வாங்க மாட்டார்கள். மேற்குப் பார்த்த என் எழுத்து அறைக்கு அதை அடித்துக்கொண்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே கண்ணைக் குத்துகிற வெயில். இப்போது அந்த வெயில் சுவரில் பட்டுச் சாந்தமாகி விழுகிறது. உட்கார்ந்து எழுத நன்றாக இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது, "நல்லாத்தான்" அல்ல. அந்த நிறத்தின்மேல் எனக்கு ஒரு வழக்கும் கிடையாது.

போன வாரம் ஐந்தாவது புதுமனைப் புகுவிழாவுக்கு அழைப்பு வந்தது. போகும்போது அந்த வீட்டுப் பாட்டியம்மாளின் அறை எது என்று கேட்டு, முதலில் அங்கே போய் உட்காருவதாக இருக்கிறேன். சாப்பாடு கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, வீட்டுக்காரரிடம் கேட்கப் போவது ஒரே கேள்விதான்: யாரைக் கேட்டு வர்ணம் அடித்தீர்கள்?